மூன்றாவது கம்பி

கள்ளிமுனையில் கோயிலின் சாயந்திரத் திருந்தாதி மணி அடித்து, வீட்டுக்கு வீடு செபமாலை சொல்லி முடித்து, மிச்சக் குழம்பைச் சூடு பண்ணுகிற நேரத்துக்கு நன்றாக இருட்டிவிடும். அப்படி இருட்டின ஒரு புதன்கிழமை, என் வீட்டுக்காரர் போன வள்ளம் திரும்பாத முப்பத்தேழாம் நாள், ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த அவருடைய கிட்டாரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தடித்த கம்பியை யாரோ கட்டைவிரலால் உரசிப் பார்த்து, இது இல்லை என்று விட்டுவிட்டு, ஒரு கட்டம் மேலே ஏறி மறுபடி உரசி, இதுவும் இல்லை என்று விட்டு, இன்னும் ஒன்று ஏறி, அங்கேயே நின்று, இதுதான் இதுதான் என்று மூன்று தடவை தட்டிச் சொல்வதுபோல இருந்தது. நான் என் கைப்பிள்ளை ஆக்னஸைத் தோளில் போட்டு, தூங்கட்டும் என்று ராராட்டிக்கொண்டிருந்தேன். பாட்டை நிறுத்தினேன், அதுவும் நின்றது. பிள்ளை சிணுங்குகிறாளே என்று மறுபடி எடுத்தேன். அதுவும் விட்ட இடத்திலிருந்து, திருவிழாக் கூட்டத்தில் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பிள்ளையைப்போல, ஒரு அடி பிந்தி என் பின்னாலேயே வந்தது.

நான் முதலில் திரும்பிப் பார்த்தது கிட்டாரை அல்ல, கதவை.

கள்ளிமுனையில் ஆள் கடலுக்குப் போயிருக்கிற வீட்டின் கதவைச் சாத்தலாம், உள்ளே தாழ் போடக் கூடாது. போனவர் கரையேறி வந்து, யாரையும் எழுப்பாமல், தானே தள்ளிக்கொண்டு உள்ளே வர வேண்டும். என்றைக்கு அந்த வீட்டுப் பெண் உள்ளிருந்து தாழ் போடுகிறாளோ, அன்றைக்கு அவள் தன் ஆள் இனி இல்லை என்று ஊருக்குச் சொல்லிவிட்டாள். விடியற்காலம் பால் ஊற்றுகிறவள் கதவைத் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்றால் அப்படியே கோயிலுக்குப் போவாள், உபதேசியார் துக்க மணி அடிப்பார். ஒரே வள்ளத்தில் போன நாலு பேரில் ஒரு வீட்டுக் கதவு தாழ்ப்பட்டாலும் மற்றவர்களுக்கும் அதுதான் செய்தி. அதனால்தான் இங்கே பெண்கள் தாழ்ப்பாளைப் பற்றிச் சத்தமாகப் பேசக்கூட மாட்டார்கள். நானோ பாளையங்கோட்டையில் மடத்து விடுதியில் பத்து வருஷம் இருந்தவள். ராத்திரி எட்டு மணிக்கு மூன்று கதவில் மூன்று பூட்டு விழுகிற சத்தம் கேட்டால்தான் எனக்குக் கண் அசரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அவர் கடலில் இருக்கிற ஒவ்வொரு ராத்திரியும், சாத்தியும் சாத்தாமலும் கிடந்த அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே விடிய வைத்திருக்கிறேன்.

அவர் பெயர் பெர்க்மான்ஸ். கடலில் வலை இழுப்பார், கரையில் கோயில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பார். யாரிடமும் படித்தவர் இல்லை. சிஸ்டர்மார் எனக்குக் கோடு போட்டுப் புள்ளி வைத்து எழுதக் கற்றுக்கொடுத்த சுரங்களை நான் அவருக்கு எழுதிக் காட்டினபோது, கோலம் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அதன்மேல் தேநீர் டம்ளரை வைத்தார். அவருக்கு எல்லாம் காதுதான். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலோ பேருந்திலோ ஒரு பாட்டைக் கேட்டால் அன்றைக்குச் சாயந்திரமே அதைத் தேட ஆரம்பித்துவிடுவார். முதலில் தடித்த கம்பியில் உரசி உரசிப் பாட்டின் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பார். எந்த இடத்தில் வந்து நின்றால் பாட்டு செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உட்காருகிறதோ, அதுதான் அதன் வீடு. மற்ற சுரமெல்லாம் அந்த வீட்டுக்கு வந்து போகிற ஆட்கள்தான். விரல்களை வைக்கிற விதத்துக்கு அவரே பெயர் வைத்திருந்தார். ஆள்காட்டி விரலைக் கம்பிகளின்மேல் சப்பையாகப் படுக்கப்போட்டால் திருக்கைப் பிடி. மூன்று விரல்களைக் கிட்டக் கிட்ட மடக்கி வைத்தால் நண்டுப் பிடி.

அந்த நண்டுப் பிடி மட்டும் அவருக்கு முழுசாக விழாது. பதினாறு வயதில் நங்கூரக் கயிறு சுற்றி இடது கை மோதிர விரலின் நுனி போய்விட்டது. நண்டுப் பிடியில் அந்த விரல்தான் மூன்றாவது கம்பியை அமுக்க வேண்டும். மொட்டை விரல் கம்பியில் பட்டும் படாமலும் நிற்கும், அந்த ஒரு கம்பி மட்டும் இசையாமல் 'டப்' என்று ஈரப் பலகையைத் தட்டினதுபோல் ஒலிக்கும். சுண்டுவிரலைப் பழக்குங்களேன் என்பேன். அது சின்னப்பிள்ளை, அதை வேலைக்கு அனுப்பக் கூடாது என்பார். அந்த இடம் வரும்போதெல்லாம் என் பக்கம் புருவத்தைத் தூக்கிக் காட்டுவார். விடுபட்ட சுரத்தை நான் வாயால் பாட வேண்டும். கோயிலில் பூசை நடுவிலும் புருவத்தைத் தூக்குவார், நான் பெண்கள் பக்கத்திலிருந்து பாடுவேன், ஊர் சிரிக்கும். எந்தப் பாட்டானாலும் கடைசி வரிக்கு முன்னால், நான் மூச்சு எடுக்கட்டும் என்று, ஒரு சின்ன நிற்றல் நிற்பார்.

முப்பத்தேழாம் நாள் கிட்டார் தேடிக்கொண்டிருந்த ராராட்டு அவர் கேட்டதே இல்லை. அவர் போனபோது ஆக்னஸுக்கு இரண்டு மாதம். பாட்டு நான் அதற்குப் பிறகு, அழுகையை அடக்க, சும்மா வாயில் வந்ததைக் கோர்த்துக் கட்டினது. அதைக் கிட்டார் தேடித் தேடி, தப்பி, திரும்பி வந்து, நண்டுப் பிடி வைக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் மூன்றாவது கம்பி 'டப்' என்றது. என்னையறியாமல் விடுபட்ட சுரத்தைப் பாடினேன். பிறகுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அந்த நேரம் விண்ணரசி அக்கா கிண்ணத்தில் சாளை மீன் புளிமுளக் குழம்பு கொண்டுவந்தாள். அவள் என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகனின் மனைவி. அவள் வீட்டுக்காரர் சூசை அண்ணனும் அதே வள்ளத்தில் போனவர். கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தவள், கிண்ணத்தைக் கீழே வைத்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு, பாட்டு முடியும்வரை நின்று கேட்டாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று அவளிடம் கேட்க வாயைத் திறந்தேன்.

“தம்பி இன்னும் படிக்கல,” என்றாள் அக்கா. “ரெண்டு நாள்ல படிச்சிரும். நீ சோத்தைத் தின்னு.”

இரண்டே நாளில் படித்தது. மூன்றாம் நாள் ஊரே என் வீட்டுக்குள் இருந்தது.

கிட்டார் ஏன் வாசிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர்கள் கேட்டது வேறு. கேட்டுப் படிக்கிறவன் என்றால் அவனுக்குக் காது கேட்கிறது. காது கேட்கிறது என்றால் ஆள் இருக்கிறான். விரல் மொட்டையாக இருக்கிறது என்றால் அது பெர்க்மான்ஸ்தான், வேறு பேயோ பிசாசோ இல்லை. அவன் இருந்தால் மற்ற மூன்று பேரும் பக்கத்தில்தான் இருப்பார்கள். ஆக எந்தத் தீவில், எந்த நாட்டு மணலில் உட்கார்ந்து கேட்கிறான் என்பது ஒன்றுதான் தெரிய வேண்டும். தொமினிக் உபதேசியார் இதை வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நின்று விரல்விட்டு எண்ணிச் சொன்னார். பங்குச் சாமியார் வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கிட்டாரின் முன்னும் பின்னும் பார்த்து, இது கடவுள் செய்த புதுமை என்று தாம் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, பூசை நேரத்தில் மட்டும் வாசிக்காமல் இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டு, போகிறபோது, கொடியேற்றப் பாட்டு ஒன்று புதிதாக இருக்கிறது, படிக்குமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

ஊர்க் கமிட்டி கூடி முறை வைத்தது. திங்கள் தெற்குத் தெரு, செவ்வாய் வடக்குத் தெரு, இப்படி. புதன் மட்டும் எனக்கும் பிள்ளைக்கும். வள்ளத்தில் போனவர்களின் சொந்தம்தான் முதலில் வந்தது. பிறகு வளைகுடாவில் மீன்பிடிக்கப் போனவர்களின் பெண்டாட்டிகள், கப்பலில் எஞ்சின் அறையில் இருப்பவர்களின் தாய்மார், கடைசியில் யாரும் எங்கேயும் போகாத வீட்டிலிருந்துகூட வந்தார்கள். ஒவ்வொருத்தரும் ஒரு பாட்டைக் கொண்டுவந்து சுவரைப் பார்த்துப் பாடுவார்கள். அதுவும் தன் வழக்கப்படி முதலில் வீட்டைத் தேடி, கண்டுபிடித்து, பிறகு ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே அழைக்கும். தெற்குத் தெருக்காரி ஒருத்தி வழியெல்லாம் சுரம் விலகிப் பாடினாள். கிட்டார் மூன்று நாள் அவள் பாட்டின் வீட்டைத் தேடி அலைந்து, நாலாம் நாள் அவள் எப்படி விலகினாளோ அப்படியே அச்சு அசலாக வாசித்துவிட்டது. அவள் பெருமைப்பட்டாள். அவள் மாமியார், கடலுக்கு அங்கிட்டும் உன் மானம் போச்சே என்றாள். வடக்குத் தெரு மிக்கேல்பிச்சை மாமாவின் இரண்டு மகன்களும் அந்த வள்ளத்தில்தான் போனார்கள். அவருக்குப் பாடவே வராது. வந்து கிட்டாருக்கு நேர்கீழே உட்கார்ந்து, இருமி இருமிச் செபமாலை சொல்லுவார். ஒரு வாரத்தில் கிட்டார் அவர் இருமலை, எத்தனாவது மணிக்கு எத்தனை இருமல் என்கிற அளவுக்குப் படித்துக்கொண்டது. மாமா அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார். பயலுவ கேட்டா என்னைத்தான் கேலி பண்ணுவானுவ என்றார்.

நான் கம்பியின் துருவைத் துடைத்தேன், இறங்கின கம்பியை முறுக்கி ஏற்றினேன், நண்டுப் பிடி வருகிற இடங்களில் விடுபட்ட சுரத்தைப் பாடினேன். ஊரில் வேறு யாருக்கும் அந்த இடம் சரியாகப் பிடிபடவில்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

ஆனால் கதவு. இப்போது அது என் வீட்டுக் கதவாகவே இல்லை. கோயில் கதவைக்கூடத் தட்டுகிறவர்கள் என் கதவைத் தட்டாமல் வந்தார்கள். ஒருநாள் விடியுமுன்னே எழுந்து பார்த்தால், குடித்திருந்த ஒரு ஆள் அடுப்படியில் உட்கார்ந்து, தன் செத்துப்போன தங்கச்சிக்குப் பிடித்த பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கை கூப்பிவிட்டுப் போனான். அவன் ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அரிசித் தகரத்தைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். பால்காரி தள்ளினபோது தகரம் சறுக்கிச் சத்தம் போட, அவள் அலறிக்கொண்டு ஓட, அரிசித் தகரம் தாழ்ப்பாளா இல்லையா என்று கமிட்டி அரைநாள் பேசியது. தள்ளினால் நகருகிறது எதுவும் தாழ்ப்பாள் ஆகாது என்று உபதேசியார் தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் வேண்டாம், பெர்க்மான்ஸ் களைத்து வருவான், தகரத்தைத் தள்ள வைக்காதே என்றார்கள். பாளையங்கோட்டையிலிருந்து அப்பா கூட்டிப்போக வந்தபோது, கள்ளிமுனைப் பெண்கள் யாரும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. அவர் நிற்கிறபோதே ஒவ்வொருத்தியாக வந்து தன் பாட்டைப் பாடிவிட்டுப் போனாள். அப்பா காபியைக் குடித்துவிட்டுத் தனியாகத் திரும்பினார்.

ஆக்னஸ் தவழ ஆரம்பித்தாள். ஒரு விடியலில் பாயில் அவள் இல்லை. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. கடல் எங்கள் வாசலிலிருந்து நாற்பது எட்டு வைக்கிற தூரம். அவள் அலையைப் பார்த்து, ஈர மணலில், நாய் ஒன்று பக்கத்தில் படுத்திருக்க, கையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப்பிறகு என் முந்தானையை அவள் கணுக்காலில் முடிந்துகொண்டுதான் படுத்தேன். அவள் புரண்டாலும் எழுந்துவிடுவேன், புரளாவிட்டாலும் எழுந்துவிடுவேன். தாழ் போட்டால் அவள் அப்பாவைக் கொன்றவள் ஆவேன், போடாவிட்டால் ஒருநாள் அவளை இழப்பேன் என்று, செபமாலையின் மணிக்கு மணி இதையே நினைத்தேன்.

அவர் போன எட்டாம் மாதம், ஒரு புதன்கிழமை, கிட்டார் எங்கள் ராராட்டை வாசித்தது. நண்டுப் பிடியின் இடம் வந்தது. நான் மூச்சை எடுத்து, பாட வாயைத் திறந்தேன். என் சுரம் அங்கே ஏற்கெனவே இருந்தது.

மூன்றாவது கம்பி, சுத்தமாக, மணி அடித்ததுபோல, முழுசாக ஒலித்தது.

கம்பி இறங்கியிருக்கும் என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். இறங்கவில்லை. சுண்டுவிரலைப் பழக்கிவிட்டார் என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் சுண்டுவிரல் அமுக்கினால் எப்படி ஒலிக்கும், மோதிர விரல் அமுக்கினால் எப்படி ஒலிக்கும் என்று, நாலு வருஷம் அந்தக் கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். விரல் நுனி இருந்தது. விரல் நுனி வந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பில் சிஸ்டர் பெனீற்றா மறைக்கல்வி எடுத்தபோது, என் பக்கத்தில் இருந்த குணசீலி எழுந்தாள். அவள் அப்பா தொழுநோயாளர் இல்லத்தில் இருந்தார். எங்க அப்பாவுக்கு மோட்சத்தில் விரலெல்லாம் இருக்குமா சிஸ்டர் என்று கேட்டாள். சிஸ்டர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், திரும்பி, குணசீலியின் மேசைக்கு வந்து, அவள் கையைத் தன் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, எல்லா விரலும் வரும், நகத்தோடு வரும் என்றார். நாங்கள் எல்லோரும் அதை எழுதிக்கொண்டோம். தேர்வுக்கு வரவில்லை.

பத்து நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. நண்டுப் பிடி வருகிற இடத்தில் எப்போதும்போல வாய் திறந்து பாடினேன், கம்பியின் சத்தம் வெளியே தெரியாதபடி கொஞ்சம் உரக்கவே பாடினேன். மிக்கேல்பிச்சை மாமா வந்து இருமினார். சாமியாரின் கொடியேற்றப் பாட்டை ஒரே தடவையில் படித்துவிட்டது என்று ஊர் சந்தோஷப்பட்டது. இப்போதெல்லாம் அது எதையும் தேடுவதே இல்லை, தப்புவதே இல்லை, யார் பாட ஆரம்பித்தாலும் முதல் அடியிலேயே வீட்டுக்குள் இருந்தது. பெர்க்மான்ஸ் கெட்டிக்காரன் ஆகிவிட்டான் என்றார் உபதேசியார். தப்பே விடாத அந்தக் கையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் ராராட்டின் கடைசி வரிக்கு முன்னால், நான் மூச்சு எடுக்க வேண்டுமே என்று, அவர் மட்டும் நிற்கிற அந்தச் சின்ன நிற்றல் அப்படியே இருந்தது.

பத்தாம் நாள் முறை நடுத்தெருவுக்கு. எல்லோரும் போன பிறகு விண்ணரசி அக்கா மட்டும் இருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை; ஆக்னஸை மடியில் போட்டுக் காலை நீவிக்கொண்டே, சூசை அண்ணனுக்கான பாட்டை, அவர்கள் கல்யாணத்தில் ஒலிபெருக்கியில் போட்டதை, தினமும்போலப் பாடினாள். கிட்டார் கூடவே வாசித்தது. நண்டுப் பிடி வந்தது. நான் அன்றைக்குப் பாடவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது, களைப்பாக இருந்தது. மூன்றாவது கம்பி தனியாக, முழுசாக, அறை முழுக்க ஒலித்தது.

அக்கா நிறுத்தவில்லை. பாட்டை முடித்தாள். கிட்டாரும் முடித்தது.

“அக்கா,” என்றேன். “விரல் வந்துட்டுக்கா.”

அவள் பிள்ளையின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்ட்டி,” என்றாள். “ஒன்பது நாளா நீ தொண்டை கிழியப் பாடுத. அந்தப் பாட்டுக்கு அவ்வளவு சத்தம் எதுக்கு?”

“ஏன் சொல்லல?”

“நான் சொன்னா எங்காளை நானே முக்கினது மாதிரில்லா இருக்கும். நீ சொல்லுவன்னு இருந்தேன். நீயும் நான் சொல்லுவேன்னு இருந்திருப்ப.”

எனக்கு அழுகை வரவில்லை. அவளுக்குத்தான் வந்தது, சத்தம் இல்லாமல், முகம் கோணாமல், கழுத்து வழியாக இறங்கி ஜாக்கெட் நனைந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டேன். சிஸ்டர் பெனீற்றா சொன்னதைச் சொன்னேன். சூசை அண்ணனுக்கு முழங்காலில் ஒரு வலி உண்டு, வாடைக் காற்று அடித்தால் நொண்டுவார். அதுவும் சரியாகியிருக்குமா என்று கேட்டாள். சரியாகியிருக்கும் என்றேன். ஓடுவாவளோ என்றாள். ஓடுவாவக்கா என்றேன். அதற்குக் கொஞ்ச நேரம் சிரித்தாள்.

மிக்கேல்பிச்சை மாமாவிடம் யார் சொல்வது என்று கேட்டேன். பால்காரி வருவதற்கு முன்னால் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னாள். மணி கேட்டு அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. அவர் செபமாலை சொல்ல வந்தால் கதவைத் திறந்துவிட வேண்டும், பகலில் யார் வந்தாலும் திறந்துவிட வேண்டும், பாடுகிறவர்கள் பாடட்டும், ஆனால் தட்டிவிட்டு வரட்டும் என்றாள். பிறகு பிள்ளையின் கணுக்காலில் என் முந்தானை முடிச்சு விழுந்து விழுந்து சிவந்திருந்த வளையத்தை விரலால் தடவினாள்.

“இதை இனி கட்டாதட்டி,” என்றாள். “போ. போட்டுட்டு வா. நான் இங்கனதான் படுக்கேன்.”

தாழ்ப்பாள் உப்புக்காற்றில் துருவேறி, இரண்டு தடவை பெயிண்ட் அடித்ததில் ஒட்டிக்கொண்டிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டேன். அம்மிக் குழவியால் பின்பக்கம் மெல்லத் தட்டினேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். எதிர்வீட்டில் பேச்சு நின்றது. ஆக்னஸ் சிணுங்கினாள், அக்காவுக்கு ராராட்டு வார்த்தை தெரியாது, வெறும் ராகத்தை முனகினாள், சுவரிலிருந்து கிட்டார் மெல்ல, விரல் எல்லாம் இருக்க, அவளுக்கு எடுத்துக்கொடுத்தது. கடைசி வரிக்கு முன்னால் அது நின்றது. நான் கதவில் நெற்றியை வைத்து, அந்த மூச்சை எடுத்து, அந்த வரியைப் பாடி முடித்தேன். பிறகு இரண்டு கையாலும் இழுத்துத் தாழ் போட்டேன்.